வடதேசத்துக் காடுகளில் மண்ணின் ஈரம்

பயிரின் வாழ்வு மழையினால் என்று பொதுவாகச் சொல்லப்படினும், வேர் உண்பது வானத்து மழையை அன்று, மண்ணில் தங்கிய ஈரத்தையே ஆகும். ஒரே அளவு மழை பெய்த இரண்டு புன்செய்களில் ஒன்றில் பயிர் செழித்து நிற்பதையும், மற்றொன்றில் வாடுவதையும் மானாவாரி நிலம் உழும் குடியானவர் யாவரும் கண்டிருப்பர். பெய்த நீரில் எவ்வளவு வழிந்தோடிற்று, எவ்வளவு வேருக்கு எட்டாத ஆழத்தில் இறங்கிற்று, எவ்வளவை வெயிலும் காற்றும் கொண்டுபோயின என்னும் மூன்று கணக்கையும் கழித்த பின்னர் எஞ்சுவதே பயிருக்கு உரியது. இக்கணக்கு வயலுக்கு மட்டுமன்றி, மனிதர் நீர் பாய்ச்சாத பெருங்காடுகளுக்கும் பொருந்தும். பூமியின் சீதோஷ்ணம் உயர்ந்துவரும் இக்காலத்தில், உலகத்தின் வடபாகத்திலுள்ள குளிர்நாட்டுக் காடுகளில் இக்கணக்கு மாறி வருகின்றது. அம்மாறுதலின் விவரமும், அதனால் அக்காடுகளுக்கும் அவற்றை உடையவர்களுக்கும் நேர்ந்துள்ள நிலையும் நிலமுடையோர் யாவரும் அறியத்தக்கவை.

காடுகளின் பரப்பும் தன்மையும்

பூமத்தியரேகைக்கு வடக்கே, ஏறக்குறைய 50-ம் அட்சரேகைக்கும் 70-ம் அட்சரேகைக்கும் இடையே, பூமியைச் சுற்றி ஒரு பட்டைபோல் இக்காடுகள் அமைந்துள்ளன. அலாஸ்கா, கானடா, நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யா ஆகிய பிரதேசங்கள் இப்பட்டையில் அடங்கும். ருஷ்யர்கள் இக்காட்டை 'டைகா' என்பர். உலகத்துக் காடுகள் அனைத்திலும் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டது இதுவே. ஸ்புரூஸ், பைன், பிர், லார்ச் முதலிய ஊசியிலை விருக்ஷங்களும், பிர்ச், ஆஸ்பென் முதலிய அகன்ற இலை விருக்ஷங்களும் இங்கு ஓங்கி வளர்கின்றன. வருஷத்தில் பாதிக்காலம் நிலம் உறைபனியால் மூடப்பட்டிருப்பதால், மரங்கள் வளர்வதற்குக் கிடைக்கும் காலம் பல இடங்களில் மூன்று அல்லது நான்கு மாதங்களே.

இக்காடுகளின் தரை ஒரு விசேஷத் தன்மை வாய்ந்தது. குளிரின் மிகுதியால் சருகும் பாசியும் விரைவில் மக்குவதில்லை. ஆகையால் அவை வருஷந்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, பல அங்குல கனமுள்ள மெத்தைபோல் தரையை மூடியிருக்கின்றன. பள்ளமான இடங்களில் இப்படிவு பல அடி ஆழத்துக்குத் திரண்டு, 'பீட்' எனப்படும் கரிய மக்காகச் சதுப்பு நிலங்களை உண்டாக்கியிருக்கின்றது. மரங்களின் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேலுள்ள ஓர் அடிக்குள்ளேயே பரவியுள்ளன. அந்த ஓர் அடி காய்ந்தால் கன்றும் மரமும் ஒருங்கே துன்புறுகின்றன.

குறைந்த மழையிலும் காடு நிற்பதன் காரணம்

வடதேசம் என்றால் ஈரம் மிகுந்த தேசம் என்று எண்ணுவது இயல்பு. எனினும் மழைமானியைப் பார்த்தால் நிலைமை வேறாகும். சைபீரியாவில் லேனா நதிக்கரையிலுள்ள யாகுட்ஸ்க் நகரத்தில், உறைபனியையும் நீராகக் கணக்கிட்டுச் சேர்த்தாலும், வருஷத்துக்கு 10 அங்குல மழைகூட இல்லை. அலாஸ்காவின் மத்தியிலுள்ள பேர்பாங்ஸ் நகரத்தில் சுமார் 12 அங்குலமே. உஷ்ணதேசத்தில் இவ்வளவு மழை பெறும் நிலத்தில் முட்புதர்களைத் தவிர வேறொன்றும் நிற்காது. அங்கோ கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரங்கள் அடர்ந்துள்ளன.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, குளிர்ந்த காற்று நீரை மிகுதியாய் உறிஞ்சுவதில்லை. ஆகையால் பெய்தது சிறிதாயினும் அதில் பெரும்பங்கு மண்ணிலேயே தங்குகின்றது. இரண்டாவது, மாரிக்காலம் முழுவதும் விழும் பனி உருகாமல் குவிந்திருந்து, வசந்தகாலத்தில் மரங்கள் தளிர்க்கும் தருணத்தில் உருகி மண்ணை நனைக்கின்றது. எவரும் கட்டாத ஏரிபோல் அது பயன்படுகின்றது. மூன்றாவது, யாகுட்ஸ்க் முதலிய இடங்களில் தரையின் கீழ் என்றும் உருகாத உறைமண் உள்ளது. கோடையில் மேலே சில அடி மட்டும் இளகும். அதன் கீழுள்ள உறைந்த படுகை, குளத்தின் அடியிலுள்ள களிமண்போல் நீரைக் கீழே இறங்கவொட்டாமல் தடுத்து, வேருக்கு அருகிலேயே நிறுத்தி வைக்கின்றது.

இம்மூன்று பாதுகாப்புகளும் குளிரினால் உண்டானவை. குளிர் குறையுந்தோறும் மூன்றும் ஒருங்கே தளர்கின்றன என்பதே இவ்விஷயத்தில் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது.

உஷ்ணம் மண்ணின் ஈரத்தைக் குறைக்கும் விதம்

நிலக்கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் ஆகாயத்தில் கரியமிலவாயு பெருகி, பூமியின் சராசரி உஷ்ணம் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்ததைவிட 1 சென்டிகிரேட் டிகிரிக்கு மேல் உயர்ந்துள்ளது. இவ்வுயர்வு எங்கும் ஒரே அளவாக இல்லை. 1979-ம் வருஷத்துக்குப் பின் வடதுருவப் பிரதேசம் பூமியின் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் உஷ்ணமடைந்திருக்கின்றது. அதற்கு அடுத்துள்ள காட்டுப் பிரதேசமும் சராசரியைவிட விரைவாகவே உஷ்ணமடைந்து வருகின்றது.

உஷ்ணம் உயர்வதனால் ஈரம் குறையும் வழிகள் பல. காற்று ஒவ்வொரு டிகிரி உஷ்ணம் அடையும்போதும், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் அதிகமாகின்றது. மூன்று டிகிரி உயர்ந்தால் இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகும். அந்நீராவியைக் கடலிலிருந்து பெற இயலாத உள்நாட்டுக் காற்று, மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதை இழுக்கின்றது. ஈரத்துணி குளிர்நாளில் மெதுவாகவும் கோடையில் விரைவாகவும் உலர்வது இக்காரணம் பற்றியே.

அடுத்தது, பனி முன்னதாக உருகுதல். முன்னர் தளிர்ப்பருவத்துக்குச் சரியாய்க் கிடைத்த நீர், இப்போது முன்கூட்டியே உருகி, மண்ணின் கீழ்ப்பாகம் இன்னும் உறைந்திருக்கும் சமயத்தில் ஓடைகளில் வழிந்துவிடுகின்றது. அன்றியும், வசந்தம் முன்னதாக வருவதால் மரங்களும் முன்னதாகத் தளிர்த்து, நீரை முன்னதாகவே செலவிடத் தொடங்குகின்றன. வடபிரதேசங்களில் வசந்தத்தில் பசுமை முந்தினால் கோடையில் மண்ணின் வறட்சி மிகுகின்றது என்பதைச் செயற்கைக் கோள்களின் அளவுகளைக்கொண்டு ஆராய்ச்சியாளர் 2020-ம் வருஷத்தில் எடுத்துக்காட்டினர். அறுவடைக்கு முன்பே குதிரைத் திறந்து உண்ணத் தொடங்கிய குடும்பத்தைப்போல, காடு கோடையின் நடுவில் வெறுங்கையாய் நிற்க நேரிடுகின்றது.

மேலும், உறைமண் ஆழமாக இளகும் இடங்களில் அடிப்படுகை தாழ்ந்து, நீர் வேரின் கைக்கு எட்டாமல் கீழே இறங்குகின்றது.

வடபிரதேசங்களில் இனிவரும் காலத்தில் மழையும் பனியும் மொத்தத்தில் சற்று அதிகரிக்கும் என்றே கணக்கிடப்பட்டுள்ளது. அங்ஙனமாயின் வறட்சி எவ்வாறு உண்டாகும் என்று வினவலாம். அதிகரிப்பில் பெரும்பகுதி மாரிக்காலத்தில் விழுவது. உஷ்ணம் இழுப்பதோ கோடையில். வரவு ஒரு பருவத்திலும் செலவு மற்றொரு பருவத்திலும் ஆவதால், வருஷக் கணக்கு சரியாயிருந்தும் ஆடி ஆவணியில் மண் உலர்ந்து கிடக்கக்கூடும்.

பேர்பாங்ஸ் நகரத்தின் நூற்றாண்டுப் பதிவு இதற்குத் தக்க சான்று. 1906-ம் வருஷம் முதல் 2006-ம் வருஷம் வரையில் அங்கே சராசரி உஷ்ணம் 1.4 டிகிரி உயர்ந்தது. கடும் உறைபனியற்ற வளர்ச்சிக் காலம் 85 நாட்களிலிருந்து 123 நாட்களாக நீண்டது. மழையோ அதற்கேற்ப மிகாமல், 11 சதவீதம் குறைந்தது. நாட்கள் மிகுந்தும் நீர் மிகாத காரணத்தால், அலாஸ்காவின் உள்நாட்டில் வெள்ளை ஸ்புரூஸ் மரங்களின் வளர்ச்சி வளையங்கள் உஷ்ணமான வருஷங்களில் விரிவதற்குப் பதிலாகக் குறுகியிருந்தன. 2000-ம் வருஷத்தில் இது வெளியிடப்படும் வரையில், குளிர்நாட்டு மரத்துக்கு உஷ்ணம் நன்மையே செய்யும் என்ற எண்ணமே பெரும்பாலும் நிலவியிருந்தது.

மினசோட்டாவில் நடந்த பரிசோதனை

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை நேரில் சோதித்துப் பார்க்க, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடக்கெல்லையிலுள்ள மினசோட்டா ராஜ்யத்தில் ஒரு பெரும் பரிசோதனை நடத்தப்பட்டது. மினசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் ரைக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், குளோகே, ஈலி என்னும் இரண்டு ஊர்களின் அருகே காட்டுக்குள் பாத்திகள் அமைத்து, மரக்கன்றுகளை நட்டனர். கூரையோ கண்ணாடிச் சுவரோ இல்லாமல், திறந்த வெளியிலேயே மேலிருந்து வெப்பக்கதிர் விளக்குகளாலும், மண்ணுக்குள் புதைத்த மின்கம்பிகளாலும் செடியும் மண்ணும் ஒருங்கே உஷ்ணமூட்டப்பட்டன. பக்கத்துப் பாத்திகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உஷ்ணமூட்டப்படாமல் விடப்பட்டன.

2009-ம் வருஷம் முதல் மூன்று வளர்ச்சிப் பருவங்களில் பதினொரு ஜாதி மரங்களின் இலைகள் சோதிக்கப்பட்டன. சுற்றுப்புறத்தைவிட 3.4 டிகிரி அதிக உஷ்ணம் பெற்ற கன்றுகளில், இலைகள் வெயிலின் உதவியால் கரியமிலவாயுவை உட்கொண்டு ஆகாரம் தயாரிக்கும் வேகம் அளக்கப்பட்டது. மண் ஈரமாயிருந்த நாட்களில் உஷ்ணம் அவ்வேகத்தை உயர்த்திற்று. மண் உலர்ந்திருந்த நாட்களில் அதே உஷ்ணம் அதே மரத்தில் அவ்வேகத்தைக் குறைத்தது. உஷ்ணம் நன்மையா தீமையா என்னும் கேள்விக்கு உஷ்ணமானி விடையளிக்கவில்லை. காலின் கீழுள்ள மண்ணே விடையளித்தது. இம்முடிவு 2018-ம் வருஷத்தில் வெளியாயிற்று.

இதன் காரணம் எளிது. இலையின் அடியிலுள்ள நுண்ணிய துவாரங்களின் வழியாகவே மரம் கரியமிலவாயுவை உட்கொள்ளுகின்றது, அவற்றின் வழியாகவே நீரையும் ஆவியாக இழக்கின்றது. வேரில் ஈரம் குறைந்ததும் மரம் தன் நீரைக் காத்துக்கொள்ள அத்துவாரங்களை மூடுகின்றது. மூடினால் ஆகாரம் நின்றுவிடும். அன்றியும், உஷ்ணமூட்டிய பாத்திகளில் மண் தானாகவே விரைவில் உலர்ந்தமையால், நன்மை பெறும் நாட்களின் எண்ணிக்கையும் குறைந்துபோயிற்று.

அதே நிலையத்தில் பின்னர் ஐந்து வருஷம், கோடைமழையில் ஒரு பகுதியைத் தடுத்தும், இரண்டு அளவுகளில் உஷ்ணமூட்டியும் ஒன்பது ஜாதிக் கன்றுகள் வளர்க்கப்பட்டன. 1.6 டிகிரி என்னும் சிறு உயர்விலேயே கன்றுகளின் சாவு அதிகமாயிற்று. பிர், ஸ்புரூஸ், பைன் ஆகிய ஊசியிலை மரங்களிலேயே இழப்பு மிகுதி. தெற்கேயுள்ள மேப்பிள் முதலிய அகன்ற இலை மரங்கள் அச்சிறு உயர்வில் சற்று நன்றாகவே வளர்ந்தன. ஆனால் அவை வடகாட்டில் இப்போது மிகவும் சொற்பமாகவே இருப்பதால், சாகும் ஊசியிலை மரங்களின் இடத்தை உடனே நிரப்பவல்லவை அல்ல. 2022-ம் வருஷத்தில் வெளியான இவ்விவரத்தில் கவலைக்குரியது, இழப்பு கன்றுகளில் நேர்வதே. முதிர்ந்த மரங்கள் ஓங்கி நிற்கும்வரை காடு நலமாயிருப்பதாகவே தோன்றும். அவற்றின் காலம் முடிந்த பின்னரே இடைவெளி கண்ணுக்குப் புலனாகும்.

சதுப்பு நிலத்தின் நிலை

அதே மினசோட்டாவில், மார்செல் பரிசோதனைக் காட்டிலுள்ள ஒரு ஸ்புரூஸ் மரச் சதுப்பில் மற்றொரு பரிசோதனை 2015-ம் வருஷம் முதல் முழு அளவில் நடத்தப்பட்டது. எண்கோண வடிவமுள்ள, மேற்புறம் திறந்த பெரும் கூடுகள் பத்து அமைத்து, மரம், பாசி, ஆழத்திலுள்ள பீட் யாவும் ஒருங்கே உஷ்ணமூட்டப்பட்டன. மிக அதிகமான கூட்டில் உயர்வு 9 டிகிரி.

உஷ்ணம் ஏற ஏற, சதுப்பின் நீர்மட்டம் தாழ்ந்தது. அதன் மேற்பரப்பில் பஞ்சுபோல் நீரை ஏந்தி நிற்கும் 'ஸ்பாக்னம்' என்னும் பாசி குறைந்துபோயிற்று. பாசிக்கு வேரும் இல்லை, மரத்தின் இலையில் இருப்பதுபோல் மூடித் திறக்கும் துவாரங்களும் இல்லை. ஆகையால் உலர்ந்த காற்று இழுக்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள இயலாமல் நீரை இழந்துகொண்டே இருக்கும். பாசி உலர்ந்து, பீட்டுக்குள் காற்று புகுந்ததும், ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்காமல் சேர்ந்திருந்த பொருள் மக்கத் தொடங்கிக் கரியமிலவாயுவாகப் போகின்றது. பூமியின் உஷ்ணத்தை உயர்த்துவது கரியமிலவாயுவே ஆதலின், மண்ணின் ஈரம் குறைவது உஷ்ணத்தின் விளைவாக மட்டுமன்றி, அதன் காரணமாகவும் ஆகிவிடுகின்றது.

கானடாவில் மரங்களின் சாவு

பரிசோதனைப் பாத்திகளில் கண்டது பெருங்காட்டிலும் காணப்பட்டுள்ளது. கானடாவில் நெடுங்காலமாகக் குறியிட்டு, சில வருஷங்களுக்கு ஒருமுறை மரங்களை எண்ணிவரும் நிரந்தரப் பாத்திகள் உள்ளன. 1963-ம் வருஷம் முதல் 2008-ம் வருஷம் வரையில் அவற்றின் பதிவுகளை ஆராய்ந்ததில், மரங்கள் சாகும் விகிதம் வருஷத்துக்குச் சராசரி 4.7 சதவீதம் வீதம் உயர்ந்து வந்தமை தெரிந்தது. ஈரம் மிகுந்த கீழ்ப்பகுதியில் இவ்வுயர்வு குறைவு, வறண்ட மேற்பகுதியில் அதிகம். மரத்தின் வயதும் நெருக்கமும் மட்டும் இதற்குக் காரணம் அல்ல என்றும், வறட்சியினால் நேர்ந்த நீர்க்குறையே முக்கிய காரணம் என்றும் 2011-ம் வருஷத்தில் முடிவு செய்யப்பட்டது.

2001, 2002-ம் வருஷங்களில் கானடாவின் மேற்குச் சமவெளியில் பெருவறட்சி உண்டாயிற்று. அல்பர்ட்டா, ஸஸ்காட்சவன் மாகாணங்களில், கோதுமை வயல்களும் காடும் சந்திக்கும் எல்லையிலுள்ள ஆஸ்பென் தோப்புகள் பரந்த அளவில் நுனி காய்ந்து மடிந்தன. அப்பிரதேசத்து உழவர்களுக்கு அத்தோப்புகள் காற்றைத் தடுக்கும் வேலியாகவும், கால்நடைகளின் நிழலாகவும் உதவுபவை. வறட்சி நீங்கி மழை திரும்பிய பின்னரும் சில வருஷங்கள் மரங்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தன. நீரின்றித் தளர்ந்த மரத்தைப் பூச்சியும் காளானும் பற்றிக்கொள்ளுவதே இதன் காரணம்.

ஈரம் மிகுந்தாலும் கேடு

உஷ்ணம் உயர்வதனால் எங்கும் வறட்சியே உண்டாகும் என்று எண்ணுதல் கூடாது. யாகுட்ஸ்க் நகரத்தின் அருகே ஸ்பாஸ்கயா பாத் என்னும் ஆராய்ச்சிக் காட்டில் இதற்கு மாறான நிலை காணப்பட்டது. 2005-ம் வருஷம் முதல் 2008-ம் வருஷம் வரை மழையும் பனியும் வழக்கத்துக்கு மேல் பெய்தன. உறைமண்ணின் மேற்பாகமும் ஆழமாக இளகிற்று. கீழே வடிய வழியில்லாத நீர் வேர்களைச் சூழ்ந்து தேங்கியது. வறண்ட மண்ணுக்கே பழகிய லார்ச் மரங்களின் இலைகள் பருவத்துக்கு முன் பழுத்து, பல மரங்கள் மடிந்தன. வடிகால் இல்லாத நஞ்செயில் புன்செய்ப் பயிர் அழுகுவதைப் போன்றதே இது. பனிக்கட்டி மிகுந்த மண்ணில், கட்டி உருகியதும் தரையே அமிழ்ந்து குட்டைகள் உண்டாவதும் அங்கே வழக்கம். ஆகையால் ஒரே உஷ்ணம் மேட்டில் வறட்சியையும் பள்ளத்தில் தேக்கத்தையும் விளைவிக்கக்கூடும்.

காட்டுத் தீயும் ஈரக் கணக்கும்

மண்ணின் ஈரம் குறைவதனால் உடனடியாக நேரும் பெருந்தீங்கு காட்டுத் தீயாகும். கானடாவில் 1970-ம் வருஷம் முதல் தேசம் முழுவதற்கும் பொதுவான தீ அபாயக் கணக்கு ஒன்று கையாளப்படுகின்றது. கிராம உத்தியோகஸ்தர்களும் புரிந்துகொள்ளத்தக்க எளிய ஏற்பாடு அது. தினந்தோறும் நடுப்பகலில் காற்றின் உஷ்ணம், காற்றிலுள்ள ஈரப்பதம், காற்றின் வேகம், முந்திய 24 மணி நேரத்து மழை ஆகிய நான்கு மட்டும் குறிக்கப்படுகின்றன. இவற்றிலிருந்து காட்டுத் தரையின் மூன்று அடுக்குகளின் ஈரம் கணக்கிடப்படுகின்றது. மேலேயுள்ள சருகு ஒரே நாளில் உலரும். அதன் கீழுள்ள அரை மக்கு உலர ஏறக்குறைய இரண்டு வாரமும், ஆழத்திலுள்ள இறுகிய மக்கு உலர ஐம்பது நாட்களுக்கு மேலும் ஆகும். முதல் அடுக்கு தீ பற்றுமா என்பதையும், கடைசி அடுக்கு பற்றிய தீ அணையுமா என்பதையும் காட்டும். ஆழ்ந்த அடுக்கு உலர்ந்த வருஷத்தில், மேலே மழை பெய்து தீ அணைந்ததுபோல் தோன்றினும், தரைக்குள் கனன்றுகொண்டிருந்து பல வாரங்களுக்குப் பின் மீண்டும் வெளிப்படுவதுண்டு.

உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால், சருகின் ஈரம் முன்போலவே இருப்பதற்கு மழை சுமார் 15 சதவீதமும், இரண்டாவது அடுக்குக்குச் சுமார் 10 சதவீதமும், ஆழ்ந்த அடுக்குக்குச் சுமார் 5 சதவீதமும் அதிகமாகப் பெய்ய வேண்டும் என்று 2016-ம் வருஷத்தில் கானடாவின் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். இவ்வளவு மழைப்பெருக்கம் அங்கு எதிர்பார்க்கப்படவில்லை.

அதே 2016-ம் வருஷத்து வசந்தத்தில் அல்பர்ட்டாவின் போர்ட் மக்மர்ரி நகரத்தைக் காட்டுத் தீ சூழ்ந்து, எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வெளியேற்றப்பட்டனர். சுமார் 2,400 கட்டிடங்கள் சாம்பலாயின. 2023-ம் வருஷத்தில் கானடாவில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் நிலம் எரிந்தது. அதற்கு முன் பதிவான எந்த வருஷத்துச் சேதத்தைவிடவும் இது ஏறக்குறைய இரு மடங்கு. அதன் புகை நூற்றுக்கணக்கான மைல் தெற்கேயுள்ள நியூயார்க் நகரத்தின் வானத்தையும் மறைத்தது.

நிலமுடையோர் கைக்கொண்டுவரும் முறைகள்

கானடாவிலும் ருஷ்யாவிலும் காடுகள் பெரும்பாலும் சர்க்காரைச் சேர்ந்தவை. பின்லாந்திலோ காட்டில் சுமார் 60 சதவீதம் தனிப்பட்ட குடும்பங்களின் சொத்து. தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் இறங்கிவரும் அக்காடு, இந்நாட்டில் தோப்பும் துரவும் இருப்பதுபோல், கல்யாணத்துக்கும் கடனுக்கும் உதவும் கைமுதலாக உள்ளது. நட்ட மரம் வெட்டுக்கு வர அங்கு 60 முதல் 100 வருஷம் செல்லும். ஆகையால் இன்று ஒரு குடும்பம் நடும் கன்று, அடுத்த நூற்றாண்டுத் தொடக்கத்தின் உஷ்ணத்தில் நின்றாக வேண்டும். பயிர் தவறினால் அடுத்த வருஷம் வேறு விதை விதைக்கலாம். காட்டில் அவ்வித வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறையே வருவது.

2006-ம் வருஷத்துக் கோடையில் பின்லாந்தின் தென்பாகத்தில் கடும் வறட்சி உண்டாகி, சோதிக்கப்பட்ட காட்டிடங்களில் சுமார் நாலில் ஒரு பங்கில் மரங்கள் வாடிய குறிகள் காணப்பட்டன. மண் ஆழமற்ற பாறை மேடுகளிலும் மணற்பாங்கிலும் நின்ற மரங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன. 2018-ம் வருஷத்துக் கோடை வறட்சிக்குப் பின் ஸ்வீடனின் தென்பாகத்தில் பட்டை துளைக்கும் வண்டு பெருகி, ஸ்புரூஸ் காடுகளைப் பெருவாரியாய் அழித்தது. ஈரம் பெற்ற ஸ்புரூஸ் மரம் பிசினைச் சுரந்து வண்டை வெளியே தள்ளும். ஈரம் அற்ற மரத்தில் பிசின் போதிய அளவு சுரப்பதில்லை.

இந்நஷ்டத்தில் மனிதர் செய்த பிழையும் ஓரளவு கலந்துள்ளது. ஸ்புரூஸ் மரம் ஆழமற்ற வேருடையது, ஈரமும் சத்தும் உள்ள மண்ணை வேண்டுவது. பைன் ஆழமாக வேரூன்றி வறண்ட மணலிலும் பிழைப்பது. ஆயினும், பைன் கன்றுகளை 'மூஸ்' என்னும் பெரிய மான் மேய்ந்து விடுவதால், நிலமுடையோர் பலர் பைனுக்குரிய வறண்ட நிலத்திலும் ஸ்புரூஸையே நட்டனர். குளிர்ந்த வருஷங்களில் அப்பிழை வெளிப்படவில்லை. உஷ்ணம் உயர்ந்தபோது மண் அதைக் காட்டிக்கொடுத்தது. மண்ணை வெட்டிப் பார்த்து அதன் ஈரத்துக்கேற்ற மரத்தை நடுதலும், ஒரே ஜாதியை நெருங்க நடாமல் பிர்ச் முதலியவற்றைக் கலந்து நடுதலும், கன்றுகளை உரிய காலத்தில் களைந்து எஞ்சியவற்றுக்கு நீர் மிச்சப்படுத்துதலும் இப்போது அங்கே வற்புறுத்தப்படுகின்றன.

மற்றொரு மாறுதல் வடிகால் விஷயமாகும். பின்லாந்தில் 20-ம் நூற்றாண்டில், பெரும்பாலும் அதன் பிற்பாதியில், சுமார் 50 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலம் மரம் வளர்ப்பதற்காக வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டது. அக்காலத்தில் ஈரத்தின் மிகுதியே சத்துருவாகக் கருதப்பட்டது. இப்போது வாய்க்கால்களை மீண்டும் ஆழப்படுத்துவதில் நிதானம் காட்டப்படுகின்றது. ஆழமாய் வடித்தால் பீட் உலர்ந்து மக்கிக் கரியமிலவாயுவாகின்றது, சத்தும் ஏரிகளுக்கு அடித்துச் செல்லப்படுகின்றது. மரம் முழுவதையும் ஒருங்கே வெட்டினால் நீரை இறைக்கும் இலைகள் இல்லாமற்போய் நீர்மட்டம் மேலேறும், பின்னர் வாய்க்காலை ஆழப்படுத்த வேண்டி வரும். இதற்குப் பதிலாக முதிர்ந்த மரங்களை மட்டும் தெரிந்தெடுத்து வெட்டி, எஞ்சிய மரங்களைக்கொண்டே நீர்மட்டத்தை அதிகம் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் முறையை அந்நாட்டு ஆராய்ச்சியாளர் சோதித்துப் பரப்பி வருகின்றனர். பயனற்ற சில வாய்க்கால்கள் அடைக்கப்பட்டு, சதுப்பு பழைய நிலைக்குத் திருப்பப்படுவதும் உண்டு.

முடிவு

மேற்கூறியவற்றால் விளங்குவன சில. மழையின் அளவைக்கொண்டு மட்டும் மண்ணின் ஈரத்தை நிர்ணயிக்க இயலாது. காற்றின் இழுவையும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். உஷ்ணத்தின் நன்மை ஈரமுள்ள இடத்தில் மட்டுமே பலிக்கும். ஒரே ஜில்லாவில் மேடும் பள்ளமும், மணலும் களியும் வெவ்வேறு விதமாய் நடந்துகொள்ளும். ஆகையால் ஊர் முழுவதற்கும் ஒரே யோசனை பொருந்தாது. தீங்கு முதலில் கன்றில் தொடங்கி, நெடுநாள் கழித்தே மரத்தில் தெரியும்.

இவ்வுண்மைகள் குளிர்நாட்டுக் காட்டில் நிரூபிக்கப்பட்டவையாயினும், காற்று நீரை இழுக்கும் விதி எந்நாட்டுக்கும் ஒன்றே. வடதேசத்துக் காட்டுடையோன் ஒருவன் மண்வெட்டியால் ஓர் அடி தோண்டி, கைப்பிடி மண்ணை உருட்டிப் பார்த்து, அது உருண்டையாகின்றதா உதிர்கின்றதா என்பதைக் கண்ட பின்னரே நட வேண்டிய மரத்தைத் தீர்மானிக்கின்றான். மழைமானியின் அளவை மட்டும் நம்பி வித்திடுவோர், வித்திடுமுன் அதே சோதனையைத் தம் நிலத்திலும் செய்து பார்த்தல் நலம்.